எல்லோருக்கும் மீன் கிடைத்த ஜுரம்

வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, ஜுரம் இறங்கிவிட்டது என்று யாராவது சிரித்த முகத்தோடு வந்து சொன்னால் நீங்களும் சிரியுங்கள். அதில் தப்பில்லை. நம் வேலையில் சிரிக்கக் கிடைக்கும் சந்தர்ப்பமே குறைவு. ஆனால் சிரித்து முடித்த கையோடு, "எதனால் இறங்கியது?" என்று மனதுக்குள் ஒரு கேள்வி கேட்டுவையுங்கள். வாய்விட்டுக் கேட்க வேண்டாம், சில டாக்டர்களுக்குக் கோபம் வரும்.

நான் ராயபுரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து, அங்கேயே வார்டு சிஸ்டராக ஓய்வு பெற்றவள். ஊசி போடுவது, டிரிப் ஏற்றுவது எல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிடப் பொறுமையாகவே சொல்லித்தருவார்கள். நான் சொல்லப்போவது, ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் பார்த்த ஒரு வெல்டரின் ஜுரத்தைப் பற்றி. அந்த ஜுரத்தைக் கொடுத்தது ஓர் உண்ணி. இத்தனை வருட சர்வீஸில் உண்ணி ஜுரம் கொடுத்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். ஆனாலும் அந்த ஒருமுறையில் கற்றுக்கொண்டதை வைத்துக்கொண்டுதான் மிச்ச நாட்களை ஓட்டினேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ராயபுரம், காசிமேட்டு ஆட்கள் உடம்பு தேறினால் "ரொம்ப தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட மாட்டார்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ ஆஸ்பத்திரிக்கு மீன் வரும். சின்னக் காயத்துக்குச் சங்கரா, ஆபரேஷனுக்கு வஞ்சிரம், பிரசவம் என்றால் இறால். எங்கள் பெரிய டாக்டர் சுத்த சைவம். அவருடைய பங்கு என் வீட்டுக்கு வந்துவிடும். அதனால் அவருடைய நோயாளிகள் எல்லாம் சீக்கிரம் குணமாக வேண்டும் என்று நான் மனதார ஜெபம் பண்ணியதுண்டு.

இனி வெல்டர். பெயர் சேவியர், திருவொற்றியூர்க்காரர். மணலி, எண்ணூர் பக்கத்து ஆலைகளில் பைப் வெல்டிங் பார்ப்பார். அவ்வப்போது ஏஜென்ட் மூலம் வெளிநாட்டு வேலைக்கும் போவார். அந்த முறை ஜோர்டானில் பாலைவனத்து பைப்லைன் வேலை ஒன்றை முடித்துக்கொண்டு வந்திருந்தார். மனைவி ஸ்டெல்லா, விடிகாலையில் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துத் தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் விற்பவள். அவள் குரல் கீழே ஓ.பி.யில் கேட்டால் மேலே பிரசவ வார்டில் குழந்தை விழித்துக்கொள்ளும்.

சேவியரை ஸ்டெல்லாதான் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தலைவலி, கைகால் குடைச்சல், பல்லோடு பல் அடிக்கும் நடுக்கம். ஆனால் அவர் கவலைப்படவில்லை. காரணம் அவருக்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணியும் இல்ல சிஸ்டர். தெருவுல ஒருத்தருக்கு ஷீட்டு போட ஜி.ஐ. பைப்பு பத்தவெச்சேன். அந்தப் பொகை. பால் குட்ச்சா பூடும்."

வெல்டர்கள் வீட்டில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். துத்தநாகம் பூசிய பைப்பை வெல்டிங் பண்ணினால் அந்தப் புகை அன்றைக்கே குளிர்ஜுரமாக வரும், மறுநாள் போய்விடும். எங்கள் பக்கத்தில் அதற்குப் பால்தான் வைத்தியம். அதனால் ஒரு வெல்டருக்கு ஜுரம் வந்தால் அவர் டாக்டரிடம் போக மாட்டார், பால்பூத்துக்குத்தான் போவார்.

"மூணு நாளா பாலு குட்ச்சிகினு கீறாரு சிஸ்டர்," என்றாள் ஸ்டெல்லா. "ஊர்ல கீற எருமையெல்லாம் வத்திப்போச்சு. ஜொரம் மட்டும் வத்தல."

பெரிய டாக்டர் பார்த்தார். மலேரியாவுக்கு இப்போதெல்லாம் ஓர் அட்டையில் ஒரு சொட்டு ரத்தம் விட்டுப் பார்க்கிறார்களே, அதில் இல்லை என்று வந்தது. டெங்குவும் இல்லை. வைரஸ் ஜுரமாக இருக்கும் என்று முடிவு செய்து, படுக்க வைத்து, டிரிப் ஏற்றி, ஜுர மாத்திரை மட்டும் கொடுத்தார். மறுநாள் சாயங்காலம் சேவியருக்கு வேர்த்தது பாருங்கள், படுக்கை விரிப்பைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அவ்வளவுதான், ஜுரம் போய்விட்டது. எழுந்து உட்கார்ந்து பரோட்டா கேட்டார். மறுநாள் முழு வஞ்சிரம் ஒன்று ஆஸ்பத்திரிக்கு வந்தது. நாங்கள் அதைச் சாப்பிட்டோம், நன்றாக இருந்தது.

ஒரு வாரம் போல ஆகியிருக்கும். வெளிநோயாளிகள் கூட்டம் கரைந்த ஒரு மதியம் ஸ்டெல்லா மட்டும் தனியாக வந்து நின்றாள். சேவியர் அவளோடு வரவில்லை. பெரிய டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டார். உள்ளே இருந்தது படிப்பை முடித்துப் புதிதாக வந்து சேர்ந்திருந்த டாக்டரம்மா. என் மகள் வயது. ஸ்டெதாஸ்கோப்பை எங்காவது வைத்துவிட்டுத் தேடிக்கொண்டே இருப்பார். இந்த வேலையில் உங்களுக்கு வழிகாட்டி யார் என்று என்னை யாராவது கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன். பெயரைச் சொன்னால் போன் போட்டுத் திட்டுவார், அதனால் சொல்லப்போவதில்லை.

"டாக்டரம்மா, எனக்கு ஒரு ஞாயம் சொல்லு," என்று ஆரம்பித்தாள் ஸ்டெல்லா. "மொத தபா ஜொரம் வந்துச்சு, இங்க காட்னோம், போச்சு. வஞ்சிரம் குட்த்தேன். நாலு நாளு நல்லா இருந்தாரு. மறுக்கா வந்துச்சு. தெருமுக்கு டாக்டராண்ட இட்டுனு போனேன். மலேரியாதான்னு மாத்திர குட்த்தாரு. அன்னிக்கே பக்கத்துவூட்டு பாய் ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்னாரு. மொத தபா மாதிரியே வேர்த்துக் கொட்டுச்சு, போச்சு. டாக்டருக்கும் குட்த்தேன், பாய்க்கும் குட்த்தேன். இப்போ ஜம்முனுதான் கீறாரு. ஆனா திரும்பவும் வரும்னு எனக்கு மனசு அட்ச்சிக்குது. சொல்லு, நா யாருக்குத்தாம்மா மீன் குட்த்திருக்கணும்?"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். டாக்டரம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு, ஸ்டெல்லாவை உட்காரச் சொன்னார்.

"யாருக்குமே குடுத்திருக்கக் கூடாதுக்கா," என்றார். "யார் மருந்தும் கேக்கல. ரெண்டு தடவையும் ஜுரம் தானாதான் எறங்கியிருக்கு."

பிள்ளைகளே, இதை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். பெரிய டாக்டர் கெட்டிக்காரர். தெருமுக்கு டாக்டரும் மோசமில்லை. பாய் நல்ல மனுஷர். மூன்று பேரும் தங்களால்தான் ஜுரம் இறங்கியது என்று நம்பினார்கள், ஏனென்றால் அவர்கள் கைவைத்த பிறகுதான் இறங்கியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. நன்றி என்று ஒன்று வந்துவிட்டால் அதற்குமேல் யாரும் விசாரிப்பதில்லை. நானும் விசாரிக்கவில்லை, மீன்தான் குழம்பில் கொதித்துக்கொண்டிருந்ததே.

தானாக வந்து, தானாக வேர்த்து இறங்கி, நாலைந்து நாள் ஒளிந்திருந்து, மறுபடி வருகிற ஜுரங்கள் சில உண்டு என்று டாக்டரம்மா சொன்னார். எது என்று தெரிய வேண்டுமானால், ஜுரம் உச்சியில் இருக்கும்போது ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஜுரம் இல்லாதபோது பார்த்தால் ஒன்றும் தெரியாது.

"அடுத்த தடவை வந்தா, நடுங்கும்போதே கூட்டிட்டு வந்துடுங்க. வேர்க்கற வரைக்கும் காத்திருக்காதீங்க."

ஸ்டெல்லா தயங்கினாள். எங்கள் பக்கத்தில் குளிர்ஜுரக்காரரை வெளியே கொண்டுவர மாட்டார்கள். காற்று பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்று பயம். கம்பளியைப் போர்த்திப் படுக்கவைத்து, வேர்த்து அடங்கியபிறகு, முகம் கழுவிப் பவுடர் போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துவருவார்கள். அதாவது பார்க்க ஒன்றுமே இல்லாத நேரமாகப் பார்த்து வருவார்கள்.

"ஜன்னி வந்தா நீ பாப்பியா?" என்று கேட்டாள்.

"வராதுக்கா. வந்தா நான் பாக்கறேன்."

சரி என்று போய்விட்டாள். நன்றாக இருக்கிற மனுஷனை வீட்டில் வைத்துக்கொண்டு அவனுக்கு எப்போது ஜுரம் வரும் என்று காத்திருக்கச் சொல்வது லேசான காரியமில்லை. அடுத்த வேலைக்கு ஏஜென்ட் வேறு சேவியருக்குப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தாராம். டாக்டரம்மா பெரிய டாக்டரிடம் நடந்ததை அப்படியே சொன்னார். என் முடிவு தப்பு என்கிறாயா என்று அவர் கோபித்திருக்கலாம். கோபிக்கவில்லை. "எனக்கு இது தோணவே இல்லம்மா. நீயே பாரு," என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

மூன்றாவது ஜுரம் ஒரு நாள் காலையில் ஏறியது. மார்க்கெட்டில் வியாபாரத்தின் நடுவில் ஸ்டெல்லாவுக்குப் போன். மீன் கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் தள்ளிவிட்டு வீட்டுக்கு ஓடி, கம்பளியோடு சேவியரை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தாள். எண்ணூர் ரோட்டில் அன்றைக்கும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. ஆட்டோக்காரர் எங்கெங்கோ சந்துகளில் புகுந்து வந்திருக்கிறார். சேவியர் தன் காலால் நடந்துதான் உள்ளே வந்தார், ஆனால் நடுங்கிய நடுக்கத்தில் நாற்காலி சத்தம் போட்டது.

டாக்டரம்மாவே விரலில் குத்தி ரத்தம் எடுத்தார். எங்கள் லேப் டெக்னீஷியன் அதைக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் போட்டு, காயவைத்துக் கொடுத்தார். டாக்டரம்மா குனிந்து பார்க்கத் தொடங்கினார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பேசாமல் எழுந்து எனக்கு இடம் விட்டார். வட்ட வட்டமான ரத்த அணுக்களுக்கு நடுவே, ஊதா நிறத்தில் மெல்லிய நூல்கள் சுருண்டு சுருண்டு கிடந்தன. அந்த நூல்கள்தான் கிருமிகள். இத்தனை நாளும் நாங்கள் ஒருவர்கூட இதைக் குனிந்து பார்க்கவில்லை.

திரும்பத் திரும்ப வருகிற ஜுரம் என்றே இதற்குப் பெயராம். டாக்டரம்மா சேவியரின் கட்டிலில் வந்து உட்கார்ந்து, ஜோர்டானில் எங்கே தூங்கினீர்கள் என்று கேட்டார்.

"கேம்ப்புலதான் மேடம். ஏசி ரூமு."

"பகல்ல?"

"பகல்ல வெயிலு கொளுத்தும். மத்தியானம் சாப்ட்டு, பக்கத்துல ஒரு கொகை இருந்துச்சு, அதுல போய்ப் படுப்போம். உள்ள ஜில்லுனு இருக்கும். ஆட்டுக்காரங்க ஆட்ட அடைக்கிற எடம் போல, ஒரே புயுக்கை. நா, மீஞ்சூரு பாலு, இன்னும் ரெண்டு பேரு."

"உண்ணி ஏதாவது கடிச்சுதா?"

"உண்ணியா? அது நாய்க்குதான மேடம் வரும்?" என்று அந்த நடுக்கத்திலும் கேட்டார் சேவியர்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நாய் மேல் ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் ரத்தம் குடித்து, மிளகு போல உப்பிக்கிடக்குமே, அதுதானே உண்ணி. இது அதன் பங்காளி என்றார் டாக்டரம்மா. மேல்தோடு கெட்டியாக இருக்காது, தோல்பை மாதிரி சுருக்கமாக இருக்கும். யார் மேலும் ஒட்டிக்கொண்டு ஊர்வலம் போகாது. குகையின் பாறை இடுக்கிலும், தரைப் புழுதியிலும், எலி வளையிலும் பதுங்கியிருக்கும். இருட்டில் ஏதாவது உயிர் வந்து படுத்தால் வெளியே வரும். ஒரு குட்டித் தூக்கம் போடுகிற நேரத்துக்குள் குடித்து முடித்துவிட்டு இடுக்குக்குத் திரும்பிவிடும். கடி வலிக்காது. எழுந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது.

குடிக்கிற நேரத்தில் அதன் எச்சில் வழியாகவும், உடம்பிலிருந்து கசிகிற நீர் வழியாகவும் கிருமி மனுஷனுக்குள் போய்விடுகிறது. அந்த உண்ணி ஆண்டுக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் சாகாதாம், உள்ளே இருக்கிற கிருமியும் சாகாதாம். தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். அப்படியென்றால் பல காலமாக மனுஷ வாடையே இல்லாத குகைக்குள்ளும் ஜுரம் தயாராகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் கேட்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஜுரம் ஏன் போய்ப்போய் வருகிறது என்றும் சொன்னார். நம் உடம்பு அந்தக் கிருமியை அடையாளம் கண்டுபிடித்து அடித்துத் துரத்துகிறது, ஜுரம் இறங்குகிறது. தப்பித்த ஒன்றிரண்டு, மேல்சட்டையை மாற்றிக்கொள்கின்றன. உடம்புக்கு ஆள் தெரிவதில்லை. அவை பெருகிப் பெருகிச் சில நாளில் மறுபடி ஜுரமாக ஏறுகின்றன. உடம்பு மறுபடி கண்டுபிடிக்கும், அவை மறுபடி சட்டையை மாற்றும். இதற்கு நடுவில்தான் நாங்கள் வஞ்சிரம் சாப்பிட்டது.

மருந்து பெரிய மருந்தெல்லாம் இல்லை. எல்லா மருந்துக்கடையிலும் இருக்கிற மாத்திரைதான். ஆனால் அதைக் கொடுப்பதற்கு முன்னால் டாக்டரம்மா என்னை வெளியே கூப்பிட்டார். முதல் மாத்திரை உள்ளே போனதும் அத்தனை கிருமியும் ஒரேயடியாகச் சாகும், அது உடம்பைப் போட்டு உலுக்கும், சில மணி நேரத்துக்கு இப்போது இருப்பதைவிட மோசமாகும், ஜுரம் ஏறும், பிறகு பிரஷர் விழும், சமாளித்துவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்றார். இதை ஸ்டெல்லாவிடம் சொல்லிவிடலாம் என்றும் சொன்னார்.

"வேணாம் டாக்டர்," என்றேன் நான். "இதச் சொன்னா மாத்திரையே வேணாம்னு ஆள கூட்டிட்டுப் போயிடுவாங்க. எனக்கு இந்த ஜனங்களத் தெரியும். நாம பாத்துக்கலாம், சொல்லாதீங்க."

அவர் சொன்னார்: "முன்னாடி சொன்னா அது எச்சரிக்கை சிஸ்டர். நடந்தப்புறம் சொன்னா அதே வார்த்தை சாக்கு ஆயிடும்."

சொல்லிவிட்டு நேரே ஸ்டெல்லாவிடம் போனார். வராந்தா பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என்னென்ன நடக்கும், எந்த வரிசையில் நடக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பார்க்கவே பயமாக இருக்கும் என்றும், தனக்கும் பயமாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார். இப்படியும் ஒரு டாக்டர் சொல்வாரா என்று எனக்குக் கோபமாக வந்தது. ஸ்டெல்லா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "உசுருக்கு?" என்று மட்டும் கேட்டாள். "மாத்திரை குடுக்கலன்னா திரும்பத் திரும்ப வந்து ஆள உருக்கிடும்க்கா. குடுத்தா இன்னிக்கு ஒரு நாள் கண்டம். அதுக்கு நான் பக்கத்துலயே இருப்பேன்," என்றார் டாக்டரம்மா. ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டு, குடு என்றாள்.

மதியம் மாத்திரை கொடுத்தோம். வெயில் சாயத் தொடங்கும்போது ஆரம்பித்தது. கட்டில் ஆடுகிற மாதிரி நடுக்கம். ஜுரம் மளமளவென்று ஏறியது. சேவியர் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார். பிறகு நாடி படபடவென்று ஓடத் தொடங்கியது, பிரஷர் இறங்கத் தொடங்கியது. டிரிப்பை வேகமாக விட்டோம், கால்மாட்டை உயர்த்தினோம், உடம்பெல்லாம் ஈரத்துணி போட்டோம். ஜூனியர் நர்ஸ் ஒருத்தி மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அலர்ஜிக்கான ஊசி டிரேயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன், யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். டாக்டரம்மா தடிப்பு இருக்கிறதா, உதடு வீங்கியிருக்கிறதா, நெஞ்சில் விசில் சத்தம் கேட்கிறதா என்று பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இது அலர்ஜி இல்ல. வெச்சிடும்மா," என்றார்.

பெரிய டாக்டர் அன்றைக்கு வெளியூரில் இருந்தார். போனில் பிடித்தோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ பக்கத்துல இருக்க, நான் இல்ல. நீ சொல்றதுதான்மா," என்றார். டாக்டரம்மா போனை என்னிடம் கொடுத்தார்.

"சிஸ்டர், நான் சரியாதானே பண்றேன்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எனக்குத் தெரியாது டாக்டர். ஆனா நீங்க சொன்ன வரிசையிலதான் நடக்குது."

அந்த நேரம் பார்த்து சேவியரின் அண்ணன் வந்து சேர்ந்தார். ஹார்பரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், ஷிப்ட் முடிந்து கூட நாலு பேரோடு அப்படியே வந்திருந்தார். தம்பியைப் பார்த்ததும் ஆவேசம் வந்துவிட்டது.

"நடந்து வந்த ஆளுதான இவன்? இன்னாத்த குட்த்தீங்க? ராங்கு மருந்து குட்த்துட்டு கம்முனு நிக்கிறீங்க! டேய், ஆட்டோவ இட்டாடா. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கினு போலாம்."

"இப்ப தூக்கக் கூடாதுங்க. பிரஷர் ரொம்பக் கம்மியா இருக்கு," என்றார் டாக்டரம்மா. யார் காதிலும் விழவில்லை. வாசலில் ஆட்டோ வந்து நின்றுவிட்டது. டிரிப்பைப் பிடுங்கி, ஆளை ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்து, லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்து போனால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், டாக்டரம்மாவுக்கும் தெரியும். ஹார்பர் ஆட்கள் நாலு பேர் தூக்குவதென்று முடிவு செய்துவிட்டால் இரண்டு பெண்கள் தடுக்க முடியாது.

ஸ்டெல்லா வார்டுக் கதவை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, அங்கியே நில்லு."

"இன்னா பேசற நீ? அவன் பூடுவான்!"

"மத்தியானமே சொன்னாங்க மாமா. மாத்திர போட்டா நடுங்கும், ஜொரம் ஏறும், ஒளறுவாரு, அப்பால பிரஷரு எறங்கும், பாத்தா பயமா இருக்கும்னு என்னாண்ட ஒண்ணொண்ணா சொன்னாங்க. ஒண்ணு மாறாம அப்டியே நடந்துகினு கீது. தெரியாதவங்களா இருந்தா இத்த எப்டி முன்னாடியே சொல்ல முடியும்?"

"செத்துட்டான்னா இன்னாடி பண்ணுவ?"

"எம் புருசன் மாமா அது. எனக்கு இல்லாத பயமா உனக்கு? அந்த டாக்டரம்மாவுக்குமே பயம்தான், அதயும் சொல்லிட்டாங்க. நீ போய் ஆட்டோவ அனுப்பு."

அண்ணன் கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். ஆட்டோ போய்விட்டது. அவர் போகவில்லை. வராந்தா பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்டெல்லாவும் கதவை விட்டு நகரவில்லை. நாங்கள் மாற்றி மாற்றிப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தோம். தெருவிளக்கு போட்ட பிறகு அது கொஞ்சம் ஏறியது. அதற்குமேல் இறங்கவில்லை. சேவியர் கண்ணைத் திறந்து அண்ணனைப் பார்த்து, "ஷிப்ட்டு முட்ஞ்சுதா?" என்று கேட்டார். டாக்டரம்மா முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். திரும்பி வர வெகுநேரம் ஆனது, நான் தேடிப் போகவில்லை.

மறுநாளே டாக்டரம்மா சேவியரிடம் போனைக் கொடுத்து, அந்தக் குகையில் படுத்த எல்லோரையும் கூப்பிடச் சொன்னார். மீஞ்சூர் பாலுவுக்கு டைபாய்டு என்று ஊரில் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது, அதுவும் இரண்டாவது தடவையாக. அவரை வரவழைத்து, ஜுரம் ஏறிய அன்று பார்த்து, மருந்து கொடுத்தோம். பாலு வீட்டாருக்கும் முன்னாடியே எல்லாம் சொன்னோம், இந்த முறை சொன்னது நான். இன்னும் ஜோர்டானிலேயே இருந்த இரண்டு பேருக்கு, குகைப் பக்கமே போகாதீர்கள், லாரிக்கு அடியில் நிழலில் படுங்கள் என்று சேவியர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அதில் பாதி வார்த்தைகளை நான் இங்கே எழுத முடியாது.

ஆனால் குணமாகிவிட்டது என்று ஸ்டெல்லா ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை ஏமாந்தவள். ஜுரம் திரும்பி வரக்கூடிய கெடு ஒன்று இருந்ததே, அந்த வாரம் முழுக்க வியாபாரத்துக்கே போகவில்லை. கெடு முடிகிற அன்றைக்குக் காலையிலேயே சேவியரை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். வந்தால் இங்கேயே வரட்டும் என்றாள். சேவியர் பேப்பர் படித்தார், தூங்கினார், டீ குடித்தார், அவ்வப்போது மனைவியின் புறங்கை வந்து அவர் நெற்றியில் விழுந்தது. போகிறபோதும் வருகிறபோதும் நானும் தெர்மாமீட்டரை நீட்டினேன்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்து கடைசியாக ஒருமுறை பார்த்தார். நாடி சரியாக இருந்தது, உடம்பு சில்லென்று இருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றார். பிறகு ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு நீங்க கதவுல நிக்கலன்னா இவரு இல்லக்கா. உங்களுக்குத்தான் நான் நன்றி சொல்லணும்," என்றார்.

ஸ்டெல்லா தலையை ஆட்டினாள்.

"எனக்கு எதுக்கும்மா நன்றி? நீ மட்டும் மத்தியானம் சொல்லாம வுட்டிருந்தா, மாமாவுக்கு முன்னாடி நானே அவர தூக்கினு போய் ஆட்டோல போட்டிருப்பேன்."

சொல்லிவிட்டு, அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், சேவியரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அழுதாள். டாக்டரம்மா திரும்பி என் முகத்தைப் பார்க்கவில்லை, அதற்காகவும் நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.